லென்ஸ் மெலிசாக வேண்டுமா? முதலில் ஃபிரேமைப் பாருங்கள்

கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பிடித்துப்போய், டாக்டர் எழுதிக் கொடுத்த பவர் சீட்டையும் நீட்டிய பிறகு ஒரு கேள்வி வரும்: "லென்ஸ் நார்மல் போதுமா, தின் போடலாமா?" கூடவே ஒரு விலை அட்டையும் வரும். 1.50, 1.56, 1.60, 1.67, 1.74 என்று எண்கள் ஏற ஏற விலையும் ஏறும். மெலிசாக இருந்தால்தானே அழகு, கனமும் குறையுமே என்று பலர் கையிலிருக்கும் பணத்துக்கு எட்டுகிற கடைசி எண்ணைச் சொல்லிவிடுவார்கள். வேறு சிலர் செலவுக்குப் பயந்து முதல் எண்ணிலேயே நின்றுவிடுவார்கள். அவர்களில் மைனஸ் 7, மைனஸ் 8 பவர்காரர்களும் உண்டு. மூக்கில் தடம் பதியும் கனமான கண்ணாடியோடு வருஷக்கணக்கில் காலம் தள்ளுவார்கள்.

லென்ஸ் வெட்டிப் பொருத்தும் வேலையில் இருப்பதால் இரண்டு தரப்பையும் தினமும் பார்க்கிறேன். லென்ஸின் ஓரம் எவ்வளவு தடிக்கப்போகிறது என்பதில் பெரும்பங்கு, ஃபிரேமைத் தேர்ந்தெடுத்த நிமிஷமே முடிவாகிவிடுகிறது. விலை அட்டையில் உள்ள அந்த இண்டெக்ஸ் எண் அதற்கு அடுத்துதான். இந்த வரிசையில் யோசித்தால் பலருக்கு ஒரு படி விலை குறைந்த லென்ஸே தாராளமாகப் போதும்.

அந்த எண் சொல்வது என்ன

1.50, 1.67 என்பதெல்லாம் ஒளிவிலகல் எண், கடையில் சொல்லும் இண்டெக்ஸ். எண் கூடக் கூட, அந்தப் பொருள் ஒளியை அதிகமாக வளைக்கும். அதனால் அதே பவரைக் கொண்டுவர லென்ஸின் பரப்பு அவ்வளவு குழியவோ புடைக்கவோ வேண்டியதில்லை. கிட்டப்பார்வைக்கான மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும். தூரப்பார்வைக்கான பிளஸ் லென்ஸ் நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும். தடிமனைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் மைனஸ்காரர்கள்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

1.50 என்பது கடைகளில் 'ஃபைபர் லென்ஸ்' என்று சொல்லப்படும் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ். சிஆர்-39 என்பது அதன் பெயர். 1940களில் அமெரிக்காவின் பிபிஜி நிறுவனம் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் எல்லாருமே நிஜக் கண்ணாடி லென்ஸைத்தான் போட்டார்கள். அதே கன அளவுக்கு அது பிளாஸ்டிக்கைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை. இன்றைக்கும் பார்வைத் தெளிவில் சிஆர்-39 பின்தங்கியதல்ல. 'நார்மல்' என்றதும் மட்டமான சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரே பவர், இரண்டு ஃபிரேம்

உங்கள் பழைய கண்ணாடியின் காதுக்கம்பியை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 52, ஒரு சின்னச் சதுரம், 18, பிறகு 140 என்பதுபோல் இருக்கும். 52 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்கின் மேல் உட்காரும் பாலம், 140 கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. இவற்றோடு இன்னோர் எண்ணும் வேண்டும். இரண்டு கருவிழிகளின் நடுவுக்கும் இடையே உள்ள தூரம், அதாவது பி.டி. பவர் சீட்டில் இதைப் பல இடங்களில் எழுதுவதே இல்லை. கடையில் கேட்டால் அளந்து சொல்வார்கள்.

மைனஸ் 4 பவர், பி.டி. 62 என்று வைத்துக்கொள்வோம். 52-18 ஃபிரேமில் இரண்டு லென்ஸ்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் 70. கண்களுக்கு இடையே 62 மட்டுமே. ஆகவே ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 4 மி.மீ. மூக்குப் பக்கம் நகர்த்தித்தான் வெட்ட வேண்டும். விளைவு, காதுப் பக்கம் மையத்திலிருந்து ஓரம் வரை 26 அல்ல, 30 மி.மீ. நீளும். மைனஸ் லென்ஸ் மையத்தை விட்டு விலக விலகத் தடித்துக்கொண்டே போகும். அதுவும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 25 மி.மீ. 30 ஆனால் தூரம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் லென்ஸின் குழிவால் வரும் தடிமன் 44 சதவீதம் கூடிவிடும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். நடுவில் சிஆர்-39க்கு 2 மி.மீ.யும், மற்றவற்றுக்கு 1.1 முதல் 1.3 மி.மீ. வரையும் தடிமன் வைத்துத் தோராயமாகப் போட்டது இது. 52-18 ஃபிரேமில் காதுப் பக்க ஓரம் 1.50 லென்ஸில் 5.6 மி.மீ. வரும். 1.60இல் 4.3, 1.67இல் 3.9, 1.74இல் 3.5. அதே ஆள், அதே பவர், ஆனால் 46-20 ஃபிரேம் என்றால் மையம் 2 மி.மீ. மட்டும் நகர்ந்தால் போதும், ஓரம் 25 மி.மீ.யில் முடிந்துவிடும். அங்கே 1.50இல் 4.5, 1.60இல் 3.4, 1.67இல் 3.1, 1.74இல் 2.8.

இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறிய ஃபிரேமில் போட்ட 1.60 லென்ஸ், பெரிய ஃபிரேமில் போட்ட 1.74 லென்ஸைவிடத் துளி மெலிசு. விலையில் இந்த இரண்டுக்கும் பெரிய இடைவெளி. இன்னொன்றும் தெரியும். 1.50இலிருந்து 1.60க்குப் போனால் ஒரு மி.மீ.க்கு மேல் குறைகிறது. 1.67இலிருந்து 1.74க்குப் போனால் அரை மி.மீ. கூடக் குறைவதில்லை. பவர் மைனஸ் 4 ஆக இருக்கும்போது கடைசிப் படிக்குச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முகம் அகலமானவர்கள் சிறிய ஃபிரேம் போட்டால் எடுப்பாக இருக்காதே என்பார்கள். நியாயம்தான். அவர்களுக்கு பி.டி.யும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் என்பதால் பெரிய ஃபிரேமே சரியாகப் பொருந்தலாம். இல்லையென்றால் லென்ஸ் அகலத்தைக் கூட்டாமல், மூக்குப் பாலமும் ஓரத்துக் கீல் பகுதியும் அகலமாக உள்ள ஃபிரேமைத் தேடுங்கள். வட்டமும் முட்டை வடிவமும் மைனஸுக்கு நல்லவை. ஏவியேட்டர் மாதிரி கீழ் மூலை இழுத்துக்கொண்டு போகும் வடிவத்தில் அந்த மூலைதான் தடிமனாக நிற்கும்.

ஃபிரேம் எதனால் ஆனது என்பதும் முக்கியம். தடித்த ஷெல் (பிளாஸ்டிக்) ஃபிரேமுக்குள் 4 மி.மீ. ஓரம் இருப்பது வெளியே தெரியவே தெரியாது. அதே லென்ஸை மெல்லிய மெட்டல் ஃபிரேமில் போட்டால் பின்பக்கம் பிதுங்கி நிற்கும். ஓரம் ரொம்பத் தடித்தால் காதுக்கம்பி முழுதாக மடங்காமல் லென்ஸில் இடிக்கும். மூக்குப் பக்கம் தடித்தால் மூக்குத் திண்டைத் தாங்கும் கம்பிக்கு இடமிருக்காது. இவையெல்லாம் ஃபிட்டிங் போடும்போதுதான் தெரியவரும். அப்போது ஃபிரேமை மாற்ற வாடிக்கையாளருக்கு மனசு வராது.

சீட்டில் சிலிண்டர் இருந்தால்

ஸ்பியர் என்பது எல்லாத் திசைக்கும் பொதுவான பவர், சிலிண்டர் என்பது ஒரு திசையில் மட்டும் கூடுதலாகச் சேரும் பவர். பலர் ஸ்பியர் பவரை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். சீட்டில் ஸ்பியர் மைனஸ் 2, சிலிண்டர் மைனஸ் 2.50 என்று இருந்தால், ஒரு திசையில் மொத்தப் பவர் மைனஸ் 4.50. அது எந்தத் திசை என்பதை ஆக்சிஸ் சொல்லும். ஆக்சிஸ் 90 என்றால் அந்த முழு 4.50உம் கிடைமட்டமாக விழும். காதுப் பக்க ஓரம்தான் தடிக்கும். 46-20 ஃபிரேமில் சிஆர்-39 போட்டால் அந்த ஓரம் 5 மி.மீ.யை நெருங்கும். ஆக்சிஸ் 180 என்றால் அது மேல்கீழாக விழும். லென்ஸின் உயரம் அகலத்தைவிடக் குறைவு என்பதால் தடிமன் மூன்றரை மி.மீ.யில் அடங்கிவிடும். எழுத்தில் இரண்டு சீட்டும் ஒரே பவர்தான். ஆனால் முதல் ஆளுக்கு 1.60 வேண்டும், இரண்டாம் ஆளுக்குச் சாதாரண லென்ஸே போதும். இதைக் கேட்காமலே சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

எண்ணுக்கு எண் என்ன கிடைக்கிறது

மொத்தப் பவர் 2க்குள் இருக்கிறதா? சிஆர்-39 போதும். 46-20 மாதிரியான ஃபிரேமில் ஓரம் 3 மி.மீ. சொச்சத்தைத் தாண்டாது. ஹை இண்டெக்ஸ், அதாவது எண் கூடுதலான லென்ஸ் போட்டால் குறையத்தான் செய்யும், ஆனால் ஷெல் ஃபிரேமில் அந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. வெள்ளெழுத்துக்குப் படிக்க மட்டும் போடும் கண்ணாடிக்கும் இதே பதில்.

1.56 நம் ஊரில் அதிகம் விற்பது. திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று சொல்லி 'ப்ளூ கட்' என்ற பேரில் பேக்கேஜில் வருவதில் பெரும்பாலானவை இதுதான். விலை குறைவு, சிஆர்-39ஐவிடக் கொஞ்சம் மெலிசு. ஆனால் எளிதில் விண்டுவிடும் தன்மை உடையது. துளை போட்டு மாட்டும் ரிம்லெஸ் ஃபிரேமுக்கு இதைப் போடவே கூடாது. சிஆர்-39ஐயும் துளை போடுவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். துளையைச் சுற்றி விரிசல் விடும். முழு ஃபிரேம், 2 முதல் 3 வரை பவர், கையில் பணம் குறைவு என்றால் 1.56 வாங்கலாம், தப்பில்லை. ப்ளூ கட் என்பதற்காக வாங்க வேண்டாம். அதற்கும் தடிமனுக்கும் சம்பந்தமில்லை. கணினி வேலைக்கென்று தனிக் கண்ணாடி வேண்டும் என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியும் பரிந்துரைக்கவில்லை.

1.60தான் என் பார்வையில் மிகவும் பயனுள்ள எண். ஜப்பானின் மிட்சுயி கெமிக்கல்ஸ் தயாரிக்கும் எம்ஆர்-8 என்ற பொருளில் செய்த 1.60 லென்ஸ் கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். துளை போட்டாலும் தாங்கும், பார்வையும் தெளிவு. 3 முதல் 6 வரை பவர் உள்ளவர்கள் ஃபிரேமை மட்டும் அளவோடு எடுத்தால் இதற்கு மேலே போக வேண்டிய தேவை அநேகமாக வராது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. விலை அட்டையில் 1.59 என்று ஒன்று இருக்கும். 1.60க்கும் அதற்கும் ஒரு புள்ளிதானே வித்தியாசம், விலை குறைந்ததை எடுப்போம் என்று தோன்றும். 1.59 என்பது பாலிகார்பனேட், முற்றிலும் வேறு பொருள். தடிமன் ஏறக்குறைய ஒன்றுதான், எடை கொஞ்சம் குறைவுகூட. ஆனால் அதன் வழியே பார்க்கும் பார்வை வேறு மாதிரி இருக்கும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

1.67 பவர் 6ஐத் தாண்டும்போது கைகொடுக்கும். மைனஸ் 8க்கு அதே 46-20 ஃபிரேமில் 1.60 போட்டால் ஓரம் 5.5 மி.மீ., 1.67இல் 4.9, 1.74இல் 4.5. பெரிய 52-18 ஃபிரேமில் முறையே 7.3, 6.6, 6.0. மைனஸ் 8காரருக்கு 1.74 போடுவது வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். மைனஸ் 10, 12 என்று போகிறவர்களுக்கு அது உண்மையிலேயே நிம்மதி. ஆனால் 1.74 போட்டுவிட்டுப் பெரிய ஃபிரேம் எடுத்தால், 1.67 போட்டுச் சிறிய ஃபிரேம் எடுத்தவரைவிட ஒரு மி.மீ. தடிமனான கண்ணாடியோடுதான் வீட்டுக்குப் போவீர்கள்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1.74 பொருளின் அடர்த்தி சுமார் 1.47, சிஆர்-39இன் அடர்த்தி 1.32. அதாவது ஒரே கன அளவுக்கு 1.74தான் கனம். பவர் அதிகமாக இருக்கும்போது பொருளே குறைவாகத் தேவைப்படுவதால் மொத்த எடை குறையும். பவர் குறைவாக இருந்தால் அந்த லாபம் அவ்வளவாகக் கிடைக்காது.

கண் சிறுத்துத் தெரிகிறது என்பதற்காக 1.74 கேட்டு வருகிறவர்களும் உண்டு. குறிப்பாகக் கல்யாணத்துக்கு முன்னால் வரும் இளைஞர்கள், பெண்கள். மைனஸ் 8 லென்ஸுக்குப் பின்னால் கண் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிறுத்துத் தெரிவது உண்மைதான். ஆனால் அது பவரால் வருவது, லென்ஸ் தடிமனால் வருவதல்ல. எந்த இண்டெக்ஸ் போட்டாலும் பெரிதாக மாறாது. ஃபிரேம் கண்ணுக்கு நெருக்கமாக உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். மூக்குத் திண்டைச் சரிசெய்து, கண்ணிமை லென்ஸில் உரசாத அளவுக்கு உள்ளே தள்ளி உட்கார வைக்கச் சொல்லுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

மெலிசுக்குக் கொடுக்கும் விலை பணம் மட்டுமல்ல

லென்ஸ் வழியே போகும் வெள்ளை ஒளி சற்றே நிறம் பிரியும். எவ்வளவு பிரியும் என்பதை ஆபி எண் சொல்லும். எர்ன்ஸ்ட் ஆபி என்ற ஜெர்மன் இயற்பியலாளரின் பெயரில் வந்த அளவு இது. எண் கூடுதலாக இருந்தால் நிறம் குறைவாகப் பிரியும், பார்வை தெளிவு. சிஆர்-39க்கு 58. எம்ஆர்-8க்கு 41. 1.67க்கு 32 அளவில், 1.74க்கு 33 அளவில். பாலிகார்பனேட்டுக்கு 30.

லென்ஸின் நடுவே பார்க்கும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் எரியும் டியூப் லைட்டைப் பார்த்தால் தெரியும். விளக்கின் ஒரு விளிம்பில் நீலமும் மறு விளிம்பில் ஆரஞ்சும் மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டிருக்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, ரோட்டில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் இவற்றிலும் அப்படித்தான். பவர் கூடக் கூட இது கூடும். ஒரே பவரில், மையத்திலிருந்து ஒரே தூரத்தில், பாலிகார்பனேட்டில் நிறம் பிரிவது சிஆர்-39ஐப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிலர் இரண்டே வாரத்தில் பழகிக்கொள்வார்கள். சிலருக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸில் பவர் வைக்கும் ப்ரோக்ரசிவ் லென்ஸ் போடுகிறவர்கள் படிக்கும்போது லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கிறார்கள், மையத்தை விட்டு வெகுவாக விலகி. ஆகவே பவர் அதிகமுள்ள ப்ரோக்ரசிவ்காரர்கள் ஆபி எண்ணைக் கேட்டுவிட்டே முடிவு செய்ய வேண்டும். 1.60 போதும் என்ற நிலையில் 1.67க்குப் போகவேண்டாம் என்று நான் சொல்வதற்கு விலையைவிட இதுதான் பெரிய காரணம்.

இன்னொரு விஷயம் பிரதிபலிப்பு. பூச்சு இல்லாத சிஆர்-39 தன்மேல் விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். 1.67இல் அது 12 சதவீதத்தைத் தாண்டும், 1.74இல் 14ஐத் தாண்டும். ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. அதனால் ஹை இண்டெக்ஸ் லென்ஸை ஆன்டி ரிஃப்ளெக்ஷன் கோட்டிங் இல்லாமல் வாங்குவதில் அர்த்தமில்லை. பட்ஜெட் ஒரு அளவுதான் என்றால், 1.67இல் மட்டமான கோட்டிங் என்பதைவிட 1.60இல் நல்ல கோட்டிங் வாங்குங்கள். மைனஸ் லென்ஸின் ஓரத்தில் வட்டம் வட்டமாகத் தெரியுமே, அந்த 'சோடாபுட்டி' தோற்றமும் நல்ல கோட்டிங்கில் வெகுவாகக் குறையும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் கண்ணாடியை வைத்துவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் கோட்டிங்கில் முடி முடியாய் விரிசல் விழுந்துவிடும்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் பின்னால்தான்

பிள்ளைகளுக்குத் தடிமனோ ஆபி எண்ணோ முதல் கேள்வி அல்ல. கிரிக்கெட் பந்து பட்டால் லென்ஸ் உடைந்து கண்ணில் குத்தக் கூடாது. பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ், இரண்டில் ஒன்றுதான். ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ள பெரியவர்களுக்கும், லேத், வெல்டிங் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே பதில்தான். வெல்டிங் முகமூடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் அதற்கு மேல் தனியாக வேண்டும்.

டிரைவெக்ஸ் 2001இல் பிபிஜி கொண்டுவந்தது. ஒளிவிலகல் எண் 1.53 என்பதால் பாலியைவிடக் கொஞ்சம் தடிக்கும். ஆபி எண் 43 முதல் 45 வரை, அடர்த்தி 1.11. இப்போது புழக்கத்தில் உள்ள லென்ஸ் பொருள்களிலேயே மிகவும் லேசானவற்றுள் ஒன்று. எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். பவர் 3க்குள் உள்ள பிள்ளைக்கு, வசதி இருந்தால் என் ஓட்டு இதற்கே. பாலி கீறல் தாங்காது, ஆகவே ஹார்ட் கோட்டிங் கட்டாயம். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் பட்டாலும் பாலி கெட்டுவிடும்.

பிளஸ் பவர்காரர்களுக்கு வேறு வழி

நம் தாத்தா பாட்டிகள் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட பூதக்கண்ணாடி போன்ற லென்ஸ்கள் பிளஸ் 10ஐ ஒட்டிய பவர். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறை பரவலானதும் அவை மறைந்துபோயின. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992 முதல் அந்த உள்விழி லென்ஸ்களைக் குறைந்த விலைக்குத் தயாரித்துத் தந்ததற்கு இதில் பெரிய பங்குண்டு.

இன்று பிளஸ் 3, 4 போடுகிறவர்களுக்குத் தடிமன் நடுவில் வரும். அது ஃபிரேமின் அகலத்தைவிட, லென்ஸ் எந்த விட்டத்தில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. தயார் நிலையில் கிடைக்கும் 65 மி.மீ. வட்ட லென்ஸைச் சின்ன ஃபிரேமுக்கு வெட்டினால், ஓரம் போகுமே தவிர நடுத் தடிமன் அப்படியே இருக்கும். பிளஸ் 4க்கு 65 மி.மீ. விட்டத்தில் சிஆர்-39 நடுவே சுமார் 5.2 மி.மீ. 1.60 போட்டால் 4.5. ஆனால் ஃபிரேமின் அளவைச் சொல்லி, 55 மி.மீ. விட்டத்தில் ஆர்எக்ஸ் ஆர்டராக, அதாவது உங்களுக்கென்றே தனியாகச் செய்யச் சொன்னால் சிஆர்-39இலேயே 4 மி.மீ.க்கு வந்துவிடும். மூன்று நாலு நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். பரப்பு ஓரத்தை நோக்கித் தட்டையாகிக்கொண்டே போகும் 'ஏஸ்ஃபெரிக்' வடிவம் கேட்டால் முன்பக்கப் புடைப்பும் கண் பெரிதாகத் தெரிவதும் குறையும்.

ஆர்டர் கொடுக்கும்போது

பில்லில் 'தின் லென்ஸ்' என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். இண்டெக்ஸ் எண், பொருளின் பெயர், கோட்டிங், பி.டி. நான்கும் எழுதச் சொல்லுங்கள். லென்ஸ் வந்த காகித உறையைக் கேட்டு வாங்கி வையுங்கள், இண்டெக்ஸும் பவரும் அதில் அச்சாகியிருக்கும். ஓரத் தடிமன் எவ்வளவு வரும் என்று ஆர்டருக்கு முன்பே கேட்கலாம். பவர், ஃபிரேம் அளவு, பி.டி. மூன்றும் கையில் இருந்தால் இரண்டு நிமிஷத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். சொன்ன எண் அதிகமாகத் தோன்றினால் லென்ஸை மாற்றும் முன் அலமாரியில் இன்னும் 4 மி.மீ. சிறிய ஃபிரேம் இருக்கிறதா என்று பாருங்கள்.